ஒரு புறநகர் நெடுஞ்சாலையின் பழைய கதையைத் தோண்டுவது எப்படி: ஓ.எம்.ஆரை வைத்து ஒரு செய்முறை

"இந்த ரோடு எந்த வருஷம் போட்டது?" என்று ஆரம்பித்தால் ஒரு மாதம் வீணாகும். எனக்கு வீணானது. நெடுஞ்சாலை என்பது யாரோ ஒரு நாள் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடித்த வேலை இல்லை. ஒரு துண்டு கோயிலுக்குப் போன வண்டிப்பாதையாக இருந்திருக்கும், இன்னொன்று சந்தைக்குப் போனது, வேறொன்று உப்பு ஏற்றப் போனது. இதையெல்லாம் ஒட்டுப்போட்டு ஒரே எண்ணும் ஒரே பெயரும் கொடுத்தது ரொம்பப் பின்னால் நடந்த காரியம். அதனால் முழுச் சாலையைத் தேடாதீர்கள், துண்டுகளைத் தேடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அது என்ன பெயரில் இருந்தது, யார் கையில் இருந்தது என்ற இரண்டு கேள்வி போதும், மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

செய்முறையை எந்தச் சாலைக்கும் பயன்படுத்தலாம். நான் எடுத்துக்கொள்வது சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை, ஆங்கிலச் சுருக்கத்தில் ஓ.எம்.ஆர். மாநில நெடுஞ்சாலை 49ஏ. அடையாறு பக்கம் மத்திய கைலாஷில் தொடங்கி, தரமணி, கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், படூர், கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர், ஆலத்தூர், பையனூர் வழியாகப் போய் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் முடிகிற, ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சாலை. இதை எடுத்ததற்குக் காரணம், எல்லோருக்கும் இதன் கடைசி இருபத்தைந்து வருஷக் கதை மனப்பாடம். டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் 2000-ல் வந்தது, அப்புறம் ஐ.டி. கம்பெனிகள், அப்புறம் ஆறுவழிச் சாலை, அப்புறம் நெரிசல். அதற்கு முன்னால் என்ன என்று கேட்டால் "ஒண்ணுமே இல்ல சார், வெறும் பொட்டல்" என்பார்கள். அந்தப் பதிலை நம்பாமல் இருப்பதுதான் முதல் படி.

முதலில் ஒரு முறை முழுதாகப் போய்விட்டு வாருங்கள்

காகிதத்தைத் தொடும் முன் சாலையை ஒரே நாளில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட வேண்டும். கார் வேண்டாம், காரில் போனால் பாலம் எது மேடு எது என்று தெரியாது. டவுன் பஸ்தான் சரி. பிராட்வேயிலிருந்து கேளம்பாக்கம் போகும் 102, அப்புறம் தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போகும் 515-ஐக் கேளம்பாக்கத்தில் பிடித்தால் மீதித் துண்டும் முடிந்தது (எண்களையும் நேரத்தையும் போகிற நாளில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்). போகும்போது ஒரு பக்க ஜன்னல், திரும்பும்போது மறுபக்க ஜன்னல். நோட்டில் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் கண்டதை இடப்பக்கமும் வலப்பக்கம் கண்டதை வலப்பக்கமும் எழுதிக்கொண்டே போங்கள். கோயில், குளம், பாலம், பழைய பள்ளிக்கூடம், காவல் நிலையம், பெரிய மரம், சுடுகாடு. கண்ணாடிக் கட்டடங்களை எழுத வேண்டாம், அவை கூகுளில் இருக்கும்.

மத்திய கைலாஷிலிருந்து முதல் சில கிலோமீட்டரை மட்டும் நடந்து பாருங்கள். பறக்கும் ரயில் பாதை பக்கத்திலேயே வரும். திருமயிலையிலிருந்து திருவான்மியூர் வரை அது 2004-ல் நீண்டது, வேளச்சேரி வரை 2007-ல். சாலை, அதன் தலைக்கு மேல் ஒரு ரயில், கொஞ்சம் தள்ளி ஒரு கால்வாய் என மூன்று போக்குவரத்து அடுத்தடுத்து இருப்பதை நடந்தால்தான் உணர முடியும்.

அந்தக் கால்வாயை விட்டுவிட்டு ஓ.எம்.ஆர். வரலாறு எழுதவே முடியாது. பக்கிங்காம் கால்வாய் சாலைக்குக் கிழக்கே கூடவே வருகிறது. அதன் முதல் துண்டு 1806 வாக்கில் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை வெட்டப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த துண்டு 1877-78 தாது வருஷப் பஞ்ச காலத்தில், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. உப்பும் விறகும் நெல்லும் படகில் பட்டணம் போய்க்கொண்டிருந்த காலத்தில் பக்கத்திலிருந்த தரைவழிக்கு என்ன வேலை இருந்திருக்கும் என்று யோசியுங்கள். நெடுந்தூரச் சரக்கு தண்ணீரில், ஊருக்கு ஊர் நடமாட்டம் தரையில். நீங்கள் தேடுவது பெரிய சாலையை அல்ல, சின்னச் சின்ன ஊர்ப்பாதைகளை என்பது இங்கேயே புரிந்துவிடும். 1960களின் நடுவில் அடித்த புயல்களுக்குப் பிறகு கால்வாய்ப் போக்குவரத்து படுத்துவிட்டது.

கல்லும் பாலமும் சொல்லும்

இரண்டாவது சுற்று இருசக்கர வாகனத்தில், நிறுத்தி நிறுத்தி. இப்போது பார்க்க வேண்டியது கற்கள்.

கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. இது பலருக்குத் தெரியும். தெரியாதது, இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று மட்டும் எழுதிய குட்டிக் கற்கள் இருப்பது. அவை 200 மீட்டருக்கு ஒன்று. இதைவிட உபயோகமானது சின்னப் பாலங்களின் கைப்பிடிச் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கும் எண். 12/3 என்று இருந்தால் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் மூன்றாவது பாலம் என்று பொருள். சாலை தொடங்கும் இடத்தை எப்போதாவது மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு முழுக்க மாறும், ஆனால் பழைய பாலத்தில் பழைய எண் மேல் பூச்சு உரிந்து எட்டிப் பார்க்கும். அப்படி இரண்டு எண் ஒரே பாலத்தில் கிடைத்தால் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போகலாம், அன்றைய கூலி கிடைத்துவிட்டது.

ஆறுவழியாக்கிய இடத்தில் இதெல்லாம் கிடைக்காது, அங்கே எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டார்கள். மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர் அப்படித்தான். பழசு பிழைத்திருப்பது புறவழிச் சாலை போட்ட ஊர்களில். திருப்போரூரில் புதுப் பாதையில் ஏறிவிடாதீர்கள், ஊருக்குள் போகும் பழைய சாலையைப் பிடியுங்கள். அது கந்தசுவாமி கோயிலைத் தேடிப் போகும் சாலை. வளைவுகளைக் கவனியுங்கள். இயந்திரம் வைத்து அளந்து போட்ட சாலை நேராகப் போகும், நடந்து நடந்து உண்டான சாலை ஏரிக்கரையையும் கோயிலையும் வீட்டு வாசலையும் சுற்றிக்கொண்டு போகும். ஓரத்தில் வரிசையாக வயசான புளியமரங்கள், அடியில் பெயின்ட் பட்டையும் எண்ணும் இருந்தால், அது நெடுஞ்சாலைத் துறையின் மரம், அந்த வரிசைதான் பழைய சாலையின் ஓரம். இப்போது தார் கொஞ்சம் தள்ளிப் போனாலும் மரம் நகர்ந்திருக்காதே.

நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். துரைப்பாக்கத்துக்கும் காரப்பாக்கத்துக்கும் இடையில் ஒக்கியம் மடுவு என்று ஒரு பாலம் வரும். மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், கிழக்கே பக்கிங்காம் கால்வாய். சதுப்பில் தேங்கும் தண்ணீர் கால்வாய்க்குப் போகும் வழி இந்த மடுவுதான். ஆக, இந்தச் சாலை இரண்டு தண்ணீருக்கு நடுவே ஒரு மேட்டுத் திட்டில் போகிறது. பக்கத்திலேயே மேட்டுக்குப்பம் என்று ஒரு ஊர். மேடு ஒன்று, மடுவு ஒன்று, அடுத்தடுத்து. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கம் ஏன் அப்படித் தத்தளித்தது என்று கேட்பவர்கள் ஊர்ப் பெயர்களை ஒரு முறை வாய்விட்டுப் படித்திருந்தாலே போதும் என்று எனக்குத் தோன்றும்.

ஊர்ப் பெயரை நம்பலாம், ஆனால் அளவோடு

கழிப்பட்டூர் என்றால் கழி, அதாவது உப்பங்கழி. கேளம்பாக்கத்தில் உப்பளங்கள். பாக்கம் என்று முடியும் ஊர்கள் கடலோரம் முழுக்க உண்டு. கந்தன்சாவடி என்ற பெயரில் சாவடி இருக்கிறது. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம், அல்லது சுங்கம் வாங்கும் இடம். பட்டணத்திலிருந்து தெற்கே போகிறவர்கள் நின்று போன இடம் என்று ஊகிக்கலாம். கந்தன் என்ற பெயரையும் சேர்த்து, திருப்போரூர் முருகனைப் பார்க்கப் போன யாத்திரிகர்களின் சாவடி என்று ஒரு அழகான கதை கட்ட ஆசை வரும். கட்டாதீர்கள். கந்தன் என்பது சாவடி வைத்தவரின் பெயராகக்கூட இருக்கலாம். இந்த மாதிரி ஊகங்களை நோட்டில் எழுதி பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போடுங்கள், ஒரு கல்வெட்டோ பத்திரமோ கிடைக்கிற வரை கேள்விக்குறியை அழிக்க வேண்டாம்.

புதுப் பெயர்களும் ஆவணம்தான். எஸ்.ஆர்.பி. டூல்ஸ் என்ற பஸ் நிறுத்தம் ஒரு தொழிற்சாலையின் பெயர். ஐ.டி. வருவதற்கு முன்பே இந்தப் பக்கம் தொழிற்சாலைச் சங்கு ஊதியிருக்கிறது என்பதற்கு அந்த ஒரு பெயர் சாட்சி. 1980களில் படூர், செம்மஞ்சேரி பக்கம் பொறியியல் கல்லூரிகள் வந்தன. "வெறும் பொட்டல்" கதை இங்கேயே ஆட்டம் காண்கிறது.

சாலையின் பெயருக்கு வருவோம். நான் கோட்டை விட்ட இடம் இது. ஒரு ஆவணக் காப்பகத்தில் சீட்டில் "பழைய மகாபலிபுரம் சாலை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வராதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலை 1990களில் ஒரு முழுச் சாலையாக உருவான பிறகுதானே இது "பழைய" சாலை ஆனது! அதற்கு முன் இது வெறும் மகாபலிபுரம் சாலை. அதற்கும் முன்னால் வெள்ளைக்காரர்கள் மாமல்லபுரத்தைச் செவன் பகோடாஸ் என்றார்கள், பழைய வரைபடத்தில் அப்படித்தான் இருக்கும். கோவளம் கோவ்லாங் ஆகியிருக்கும். இந்தப் பக்கம் வந்தால் 2008-ல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள், நடுவில் ஐ.டி. காரிடார் என்று ஒரு செல்லப் பெயர். தேடத் தொடங்கும் முன் ஒரு தாளில் எல்லாப் பெயரையும், ஆங்கிலேயர் எழுதிய கோணல் எழுத்துக்கூட்டல்களோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பெயர் எந்தக் காலத்தில் புழங்கியது என்று பக்கத்தில் தோராயமாக ஒரு காலம் போடுங்கள். மொத்த வேலையில் இதற்குச் சமமான நேரம் மிச்சப்படுத்தும் காரியம் வேறில்லை.

எண்ணும் அப்படியே. 49ஏ என்ற எண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது: 49 என்பது கிழக்குக் கடற்கரைச் சாலை, அண்ணனான இந்தச் சாலை அதற்குத் துணை எண் வாங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த 49-லும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுச்சேரி போகும் பகுதி இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. எண் மாறும்போது சாலையைப் பராமரிக்கிற அலுவலகமும் மாறும், அதோடு கோப்பும் போய்விடும்.

எந்த மாவட்டத்தின் கோப்பில் தேடுவது?

இதில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சோழிங்கநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காகிதங்களில் அது செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா. 1997-ல் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானபோது காஞ்சிபுரம் மாவட்டம். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது மாநகராட்சிக்குள் வந்து 15-ஆவது மண்டலம் ஆனது, ஆனால் வருவாய்க் கணக்கில் இன்னும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். 2018-ல்தான் வருவாய்க் கணக்கிலும் சென்னை மாவட்டம். செம்மஞ்சேரியோடு மாநகராட்சி முடிகிறது. நாவலூர் தாண்டினால் கேளம்பாக்கம், திருப்போரூர் எல்லாம் 2019 நவம்பர் முதல் புதிய செங்கல்பட்டு மாவட்டம். ஒரே சாலை, அதில் ஒரே ஊர், காகிதமோ நான்கு இடத்தில். பழைய செங்கல்பட்டு, புதிய செங்கல்பட்டு இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கவே தனியாக ஒரு அட்டவணை போட வேண்டியிருக்கும். போடுங்கள்.

துறைகளுக்கும் இதே கதை. நெடுஞ்சாலைத் துறை 1946-ல்தான் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்து தனியானது. அதற்கு முந்தைய சாலைக் காகிதத்தைப் பொதுப்பணித் துறைக் கோப்பிலும் மாவட்ட போர்டு நடவடிக்கைகளிலும்தான் தேட வேண்டும். நாட்டின் சாலைகளுக்காகப் போட்ட 1943 நாக்பூர் திட்டத்தில்தான் தேசிய, மாகாண, மாவட்ட, கிராமச் சாலை என்ற இன்றைய வரிசை பிறந்தது. ஆகவே 1930ஆம் வருஷக் கோப்பில் "மாநில நெடுஞ்சாலை" என்று தேடினால் பூஜ்யம்தான் கிடைக்கும். சமீப காலத்துக்கு வந்தால் 1998-ல் தொடங்கிய தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம், ஆறுவழிப் பகுதி அதன் வழியாக வந்தது. சுங்கம் வசூலித்ததும் அப்படித்தான். பெருங்குடி, துரைப்பாக்கம் உள்ளிட்ட நான்கு சுங்கச்சாவடிகளில் வசூலை மெட்ரோ வேலையைக் காரணம் சொல்லி 2021 ஆகஸ்ட் 30 முதல் நிறுத்தினார்கள், நாவலூரில் மட்டும் தொடர்ந்தது. கந்தன்சாவடிக்குப் பக்கத்திலேயே ஒரு சாவடி வந்துவிட்டுப் போனதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வரைபடம்

இந்திய சர்வே துறையின் வரைபடத் தாள்களில் சென்னைக்குத் தெற்கே இருக்கும் இந்தப் பகுதி 66டி வரிசையில் வரும். பழையவை ஒரு மைலுக்கு ஒரு அங்குலம், பிந்தையவை 1:50,000. இதில் கப்பி போட்ட சாலை ஒரு விதமாகவும், மண் சாலை விட்டு விட்டும், வண்டிப்பாதை வேறு விதமாகவும் கோடு போட்டிருக்கும், ஓரத்தில் இருக்கும் குறி விளக்கத்தை முதலில் படித்துவிடுங்கள். இரண்டு காலத்துத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தத் துண்டு எப்போது மண்ணிலிருந்து கப்பிக்கு வந்தது என்று தெரிந்துவிடும். தேதியாக இல்லாவிட்டாலும் "இதற்கும் இதற்கும் நடுவில்" என்று கிடைக்கும், அதுவே பெரிது.

ஒரு தொல்லை உண்டு. கடற்கரையை ஒட்டிய பகுதிகளின் விரிவான தாள்கள் நீண்ட காலம் கட்டுப்பாட்டில் இருந்தன, சாதாரண ஆள் போய்க் காசு கொடுத்து வாங்க முடியாது. 2021-ல்தான் வரைபட விதிகள் தளர்ந்தன. இந்த இடைவெளியை அடைக்க இரண்டு வழி. ஒன்று, அமெரிக்க ராணுவம் 1950களில் அச்சிட்ட 1:250,000 வரைபடங்கள், டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. அளவு சின்னது, ஆனால் சாலை தெரியும். இரண்டு, இன்னும் சுவாரசியமானது: 1960 முதல் 1972 வரை அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள். 1995-ல் ரகசியம் நீக்கி வெளியிட்டுவிட்டார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் தளத்தில் உங்கள் ஊர் விழுந்திருக்கும் படத்தைத் தேடிப் பார்க்கலாம். எங்கோ யாரோ யாரையோ வேவு பார்த்ததில் நம்ம ஊர் ஏரி பதிவாகியிருக்கும். அதற்குப் பின்னுள்ள காலத்துக்குக் கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய படங்களுக்குப் பின்னோக்கிப் போகும் வசதி இருக்கிறது. ஆறுவழிக்கு முந்தைய சாலையையும் பிந்தையதையும் ஒரே இடத்தில் வைத்து இழுத்து இழுத்துப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது, அதனால் இரவில் ஆரம்பிக்க வேண்டாம்.

காகிதம்

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அதே எழும்பூரில் கன்னிமாரா நூலகம், அப்புறம் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கடைசியாகச் சொன்னது நம் சாலையிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டிலிருந்தே தொடங்க வேண்டுமானால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். 1879-ல் வந்த செங்கல்பட்டு மாவட்ட மேனுவலை எப்படியாவது பார்த்துவிடுங்கள், சாலை, கால்வாய், உப்பு மூன்றும் ஒரே புத்தகத்தில் கிடைக்கும். நகர வளர்ச்சிக் குழுமத்தின் முதல் பெருந்திட்டம் 1970களின் நடுவில் வந்தது, இரண்டாவது 2008-ல். இரண்டிலும் இந்தச் சாலையைப் பற்றி என்ன கனவு கண்டார்கள் என்று ஒப்பிட்டால், நடந்ததுக்கும் நினைத்ததுக்கும் உள்ள தூரம் தெரியும்.

சட்டமன்றத்தில் வருஷா வருஷம் நெடுஞ்சாலைத் துறையின் மானியக் கோரிக்கையோடு கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்று வைப்பார்கள். அரசுத் தளத்தில் தமிழிலேயே கிடைக்கும். படிக்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும், ஆனால் எந்த வருஷம் எத்தனை கிலோமீட்டருக்கு என்ன செய்தார்கள் என்று எண்ணோடு சொல்லும். அதற்கடுத்தது அரசிதழ். தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-இன் 15ஆம் பிரிவில் நிலம் எடுக்கும்போது கிராமம், புல எண், பரப்பு எல்லாவற்றையும் அறிவிப்பில் போட வேண்டும். செய்தித்தாளிலும் பொடி எழுத்தில் வரும். சாலை எந்தப் பக்கம் எவ்வளவு அகலமானது என்று அதிலிருந்து அடி அடியாகப் பிடித்துவிடலாம்.

ஆனால் எனக்குப் பிடித்தது வருவாய்க் காகிதமும் பத்திரமும்தான். கிராம வரைபடத்திலும், நிலங்களைப் புல எண் வாரியாக எழுதியிருக்கும் அ-பதிவேட்டிலும் சாலை எந்தப் புல எண்ணில், என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். இன்று ஆறுவழியாக இருக்கும் இடம் அதில் வண்டிப்பாதைப் புறம்போக்காக இருந்தால் ஒரு துண்டின் கதை கையில் வந்துவிட்டது. 1980களில் யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டம் வந்தபோது உட்பிரிவு எண்கள் மாறின, ஏக்கர் சென்ட் போய் ஹெக்டேர் ஏர் வந்தது, அதனால் பழைய சர்வே எண்ணையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். தேதி பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டில் இருந்தால் 590 கூட்டுங்கள்: பசலி 1400 என்றால் 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை.

பத்திரத்தில் பார்க்க வேண்டியது சொத்து விவரத்தின் சக்குபந்தி. "மகாபலிபுரம் ரோட்டுக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்குத் தெற்கு" என்று நான்கு எல்லை எழுதியிருப்பார்களே, அங்கே சாலைக்கு ஊர்க்காரர்கள் அந்த வருஷம் என்ன பெயர் சொன்னார்கள் என்பது பதிவாகியிருக்கும். கவர்ன்மென்ட் வைத்த பெயர் அரசிதழில் இருக்கும், வாயில் புழங்கிய பெயர் பத்திரத்தில் இருக்கும். சாலையோர ஊரில் சொந்தக்காரர், நண்பர் யாராவது இருந்தால் தாத்தா காலத்துப் பத்திரத்தை ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குவார்கள், அது நியாயம்தான், நிலத்தின் விலை அப்படி. எல்லை எழுதிய அந்தப் பக்கத்தை மட்டும் கேளுங்கள், பெயர்களை நோட்டில் எழுதாதீர்கள்.

எங்கும் கிடைக்காததற்குத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள். "சாலையின் வரலாறு வேண்டும்" என்று கேட்டால் அப்படி ஒரு ஆவணம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரி இருபத்தொன்பதாம் நாள் வந்தது. "இந்தச் சாலையை மாநில நெடுஞ்சாலையாக அறிவித்த அரசாணையின் நகல்", "இந்தக் கிலோமீட்டரில் இருக்கும் பாலத்தின் கட்டுமான ஆண்டு பதிவேட்டில் உள்ளபடி" என்று இருக்கிற காகிதத்தைக் குறிவைத்துக் கேட்க வேண்டும். பாலத்துக்குப் பதிவேடு உண்டு. முன்னே சொன்ன 12/3 எண்கள் இங்கேதான் கைகொடுக்கும்.

ஆட்கள்

வருஷம் கேட்காதீர்கள். யாருக்கும் வருஷம் ஞாபகம் இருக்காது, உங்களைத் திருப்திப்படுத்த ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். "எம்.ஜி.ஆர். செத்தப்ப இங்க தார் ரோடு இருந்துச்சாங்க?" என்று கேளுங்கள், அது 1987 டிசம்பர். "சுனாமிக்கு முன்னாடியா பின்னாடியா?" அது 2004 டிசம்பர். பெண்களிடம் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளைக் கேட்டால் எந்த நிறுத்தத்தில் இறங்கி எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பது வரை சொல்வார்கள், ஆண்களைவிடத் துல்லியமாக. சாலைப் பணியாளர்கள், ஓய்வு பெற்ற கண்டக்டர்கள், கேளம்பாக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர்கள், கோயில் குருக்கள். டீக்கடைப் பெரியவரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், எல்லோரும் அவரிடமே போய்ப் போய் அவருக்குக் கதை மெருகேறியிருக்கும்.

கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் கட்டாயம் போங்கள். நகருக்குள்ளிருந்து குடும்பங்களை அள்ளிக்கொண்டு வந்து இந்தச் சாலையோரம் குடியமர்த்தியது 2000-த்துக்குப் பிறகு, கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்த அதே ஆண்டுகளில். அவர்களுக்கு ஓ.எம்.ஆர். என்பது வேலைக்கும் பழைய பள்ளிக்கூடத்துக்கும் இடையில் வந்து விழுந்த இருபது கிலோமீட்டர். இந்தச் சாலையைப் பற்றி வந்திருக்கும் கட்டுரைகளில் முக்கால்வாசி இதைத் தொடுவதே இல்லை, எனக்கு அதில் கோபம் உண்டு. காகிதம் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம்தான் 2021-லிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

எழுதும்போது கிலோமீட்டர் வரிசையில் எழுதுவதா, கால வரிசையிலா என்று குழம்புவீர்கள். நான் கிலோமீட்டர் பக்கம். மத்திய கைலாஷில் தொடங்கி பூஞ்சேரி வரை போய்க்கொண்டே, ஒவ்வொரு துண்டிலும் அந்த இடம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தோண்டிவிட்டு நகர்வது. தரமணியில் நாற்பது வருஷம், திருப்போரூரில் நானூறு வருஷம் என்று சமமில்லாமல் வரும். வரட்டும். திருப்போரூரில் சிதம்பர சுவாமிகள் கோயிலை எடுத்துக் கட்டிய 17ஆம் நூற்றாண்டுக் கதையை இரண்டு வரியில் அடக்கப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள்.

போட்டோ விஷயத்தில் மட்டும் அவசரம் காட்டுங்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மெட்ரோ பாதைக்காகச் சாலை நடுவில் தூண் எழுப்பி, ஓரங்களைத் தோண்டி, நிறுத்தங்களை நகர்த்தி எல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் ஒரு கிலோமீட்டர் கல்லோ பாலத்து எண்ணோ மூலையில் விழும்படி எடுங்கள், கோப்புப் பெயரில் தேதியும் எந்தத் திசை பார்த்து எடுத்தது என்பதும் இருக்கட்டும். கல்லே இல்லாத இடத்தில் பஸ் நிறுத்தப் பலகை போதும்.